ஸ்வெட்டரின் ஒற்றைக் கை

இந்த ஊரில் கூட்டம் நடக்கும்போது ஸ்வெட்டர் பின்னுகிறார்கள். நான் வேலை பார்ப்பது ஒரு பார்னெஹாகெயில். நம்மூர்ப் பால்வாடி மாதிரிதான், ஆனால் மழையிலும் பனியிலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுகிற பால்வாடி. மாதம் ஒருமுறை ஊழியர் கூட்டம் நடக்கும். தலைவர் எழுந்து பேச ஆரம்பித்ததும் நாலைந்து பேர் பையைத் திறந்து நூலும் ஊசியுமாக உட்கார்ந்துவிடுவார்கள். முதல் தடவை பார்த்தபோது ஏதோ எதிர்ப்புப் போராட்டம் என்றுதான் நினைத்தேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை பேசும்போது தாவணி நுனியைத் திருகினாலே வெளியே நிற்க வேண்டியதுதான். இங்கே தலைவருக்குக் கோபமே வரவில்லை. பேசி முடித்து உட்கார்ந்தவர் தன் பையிலிருந்தும் பாதி பின்னிய குல்லா ஒன்றை எடுத்தார். கையில் வேலை இருந்தால்தான் காது ஒழுங்காகக் கேட்கும் என்பது இவர்கள் கட்சி.

நான் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இறங்கி, உள்ளே நடந்து போக வேண்டிய ஒரு கரிசல் ஊர்க்காரி. என் கணவர் கப்பல் பட்டறையில் எஞ்சினியர். அவர் வேலையை ஒட்டி நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் இந்தச் சின்ன நகரத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. எங்கள் ஊரில் மழைக்காக வானத்தைப் பார்ப்போம். இங்கே மழை நிற்குமா என்று வானத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் கழுத்து வலிப்பது மட்டும் ஒன்றுதான். வந்த புதிதில் எனக்குக் கம்பளி என்றாலே அரிப்பு. எங்கள் பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளியே கிடையாது, உடம்போடு ஒட்டிய மயிர்தான். ஆட்டின் மேலிருந்து நூல் எடுத்துச் சட்டை போடுகிறார்கள் என்று போனில் சொன்னபோது அப்பா நம்பவில்லை. அங்கிட்டு ஆடு வேறயா, இல்ல அளந்து விடுறியா என்று கேட்டார்.

அந்த அப்பாவுக்காகத்தான் நான் ஊசியைக் கையில் எடுத்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்துபோனாள். அதன் பிறகு அப்பா தனியாகத்தான் இருக்கிறார். தானே பொங்கி, தானே தின்று, நாலு ஏக்கர் மானாவாரிக் காட்டையும் தானே பார்த்துக்கொள்கிறார். ஒரு மூன்று மாதமாவது என்னோடு வந்து இருங்கள் என்று கேட்டேன். "வாரேன்த்தா, இந்த வெள்ளாமையை எடுத்துட்டு வாரேன்" என்றார். அதைக் கேட்ட அன்றே, அவர் வந்து இறங்கும்போது போட்டுவிட ஒரு ஸ்வெட்டர் வேண்டும் என்று முடிவு செய்தேன். கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் நான் என் கையால் பின்னி முடித்தால் அப்பா வந்துவிடுவார் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. சாமிக்கு முடிந்து வைக்கிற மாதிரி, யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்ட கணக்கு அது.

நூல் கொடுத்தது கீழ்வீட்டு பெரித் என்ற பெண்மணி. இந்த நகரத்தில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைவிட எவ்வளவோ மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு வருஷம் நாக்கு வரவில்லை. அவரும் தன் பங்குக்கு என்னைக் குழப்பினார். ஒருநாள் காபிக்கு வந்துவிட்டுப் போனவர், அடுத்த வாரம் படியில் பார்த்ததும் "தக் ஃபோர் சிஸ்த்" என்றார். போன தடவைக்கு நன்றி என்று அர்த்தம். போன தடவை என்ன செய்தேன், காபியில் சர்க்கரை கூடிவிட்டதா, அதைத்தான் குத்திக்காட்டுகிறாரா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் ஊரில் சொந்தக்காரர்களிடம் நன்றி சொன்னால், என்ன இப்படிப் பிரித்துப் பேசுகிறாய் என்று முகம் கோணிவிடும். இங்கே சேர்ந்து உட்கார்ந்ததற்கே பழைய தேதியிட்டு நன்றி சொல்கிறார்கள். பெரித்தின் தம்பி கடலோரத்தில் செம்மறி வளர்ப்பவர். அப்பாவுக்கு ஸ்வெட்டர் பின்னப் போகிறேன் என்று சொன்னதும், தம்பி வீட்டு ஆட்டிலிருந்து நூற்ற சாம்பல் நிற நூலை ஒரு பை நிறையக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது அழுகைதான் வந்தது. பெரித்தும் சொல்லிக் கொடுத்தார், பார்னெஹாகெயில் எல்லோரும் சொல்லிக் கொடுத்தார்கள். கண்ணி போடுவதும் எடுப்பதும் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. கெடுத்தது என் கை. ஒவ்வொரு கண்ணியையும் போட்டுவிட்டு நூலைச் சுண்டி இழுப்பேன். முதல் ஸ்வெட்டரின் முதுகுப் பகுதி முடிந்தபோது அது அப்பாவின் அளவில் இல்லை, பார்னெஹாகெயில் இருக்கும் நாலு வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருந்தது. மேஜை மேல் நிறுத்தினால் விழாமல் நிற்கவும் செய்தது. பெரித் அதைத் தட்டிப் பார்த்தார், அட்டைப்பெட்டிச் சத்தம் கேட்டது. "காற்று இருக்க இடம் விடு" என்றார். எனக்குப் புரியவில்லை. குளிருக்குப் போடுகிற துணியில் காற்றுக்கு எதற்கு இடம்? தம்பி வீட்டு நூல் அதிகம் செலவாகிறது என்று சொல்லத் தயங்கி இப்படிச் சுற்றி வளைக்கிறாரோ என்று நினைத்தேன். காற்று உள்ளே தங்கினால்தான் உடம்புச் சூடு தங்கும், இறுக்கிப் பின்னினால் கனம்தான் மிஞ்சும் என்பது தெரிய எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது. தெரிந்த பிறகும் கை கேட்கவில்லை.

கையைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. அது அருப்புக்கோட்டையில் பழகிய கை. அம்மா எங்களுக்குத் துணி எடுக்கப் போனால் லேசில் வாங்கமாட்டாள். தறிக்காரர் வீட்டில் சேலையை எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். "வெளிச்சம் தெரியுதான்னு பாரு" என்பாள் என்னிடம். இழைக்கு நடுவே பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் போச்சு, மடித்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவாள். தெரியாவிட்டால்தான் அது சேலை. டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போது கூட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவளின் முந்தானையை அம்மா சன்னல் வெளிச்சத்தில் நோட்டம் விடுவாள். அந்தக் கண்ணோடு வளர்ந்தவளுக்கு, ஓட்டை ஓட்டையாகப் பின்னுவது நல்ல வேலை என்று எப்படித் தோன்றும்? விரல் தானாக இழுத்துவிடுகிறது.

பிரித்தேன், மறுபடி போட்டேன். இரண்டாவது தடவை கண்ணியைக் கூட்டிப் போட்டதில் அகலம் சரியாக வந்து நீளம் ஏமாற்றியது. மூன்றாவது தடவை ஒரு கை இறுக்கமாகவும் இன்னொரு கை தளர்வாகவும் வந்தது. இறுக்கமான கையைப் பின்னிய மாதம் அப்பா வருகிறேன் என்று சொன்ன மாதம். தளர்ந்த கையைப் பின்னும்போது அவர், இந்த வருஷம் முடியாதுபோல, பருத்தி நிக்கிது என்று சொல்லியிருந்தார். அப்பா ஒவ்வொரு தடவை வருகிறேன் என்னும்போதும் புதிதாகக் கண்ணி போட்டேன். அவர் தள்ளிப் போடும்போதெல்லாம் நான் பிரித்தேன், அந்த இரண்டு கையை மட்டும் நாலாவதுக்கு ஆகட்டும் என்று வைத்துக்கொண்டேன். கணவர் ஒருநாள், இதுக்கு அந்த ஆட்டையே பிளைட்டில் ஊருக்கு அனுப்பியிருக்கலாம் என்றார். அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பேசினார். ஐப்பசியில் விதைத்த உளுந்துக்குக் கார்த்திகையில் மழை இல்லை. பூவெல்லாம் கருகிவிட்டது. "கிடைக்காரங்களுக்குச் சொல்லிவிட்டேன்த்தா. ஆட்டை இறக்கிட்டாங்க" என்றார். குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. இனிமேல் தேறாது என்று தெரிந்த வெள்ளாமையைக் கடைசி வரை பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். செம்மறி மேய்க்கிறவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் மந்தையை நிற்கிற பயிருக்குள் இறக்கி மேயவிட்டு, ராத்திரி அங்கேயே கிடை போட்டு அடைப்பார்கள். பயிர் ஆட்டுக்கு, புழுக்கை நிலத்துக்கு. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது நானும் அம்மாவும் வெயிலில் களை எடுத்த பருத்திக்குள் அப்படி ஆட்டை இறக்கினார்கள். நான் வரப்பில் நின்று ஓவென்று அழுதேன். ஒரு செடியில் இரண்டு காய் இருந்தது, அதையாவது விடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அப்பா எனக்குச் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. மேய்க்கிறவரிடம் தண்ணீர்ப் பானை இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு நடந்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "ஒரு மாசமா இன்னிக்கித்தான் மனுசனுக்குச் சோறு இறங்குது" என்று அம்மா என் காதில் சொன்னாள். அப்பா மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்கு இதெல்லாம் ஞாபகம் வரவில்லை. வெள்ளாமை போய்விட்டது என்றதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். இனிமேல் காட்டில் வேலை இல்லையே, டிக்கெட் போடட்டுமா என்று கேட்டேன். பின்னால் கோழி ஒன்று கொக்கரித்தது கேட்டது.

"கிடை எந்திரிச்ச பொறவு ஒரு உழவு போட்டு வைக்கணும் தாயி. கோடை மழை பேஞ்சா எள்ளு வெதைக்கலாம்னு இருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்டில் அப்பாவுக்கு எப்போதும் அடுத்த விதைப்பு ஒன்று இருக்கும் என்பது எனக்கு அப்போது விளங்கிவிட்டது. என் ஆசைக்காக மூன்று வருஷமாக வாரேன் வாரேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். போனை வைத்துவிட்டு, பாதி முன்பக்கம் முடிந்திருந்த நாலாவது ஸ்வெட்டரைப் பார்த்தேன். மறுநாள் காலையில் வேலைக்குப் போகும்போது முதுகு, அரை முன்பக்கம், இரண்டு கை, மிச்ச நூல் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டேன். தொட்டி மூடி விழுந்த சத்தத்தில் நெஞ்சு லேசானது நிஜம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், அது பெரித்தின் தம்பி வீட்டு நூல் ஆயிற்றே என்று உறைத்தது. வண்டியை நிறுத்தச் சொல்லித் திரும்பி ஓடும் தைரியம் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் கதவு தட்டப்பட்டது. பெரித்தான். கையில் என் பை. எங்கள் கட்டடத்தில் யார் எந்தத் தொட்டியில் என்ன போடுகிறார்கள் என்று பார்ப்பதைப் பஸ் ஓட்டுவதற்கு அடுத்த உத்தியோகமாகவே வைத்திருப்பவர் அவர். மன்னிப்புக் கேட்க நார்வேஜிய மொழியில் எத்தனை வார்த்தை தெரியுமோ அத்தனையையும் வரிசையாகச் சொன்னேன். அவர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. நின்ற நிலையில் என் இரண்டு தோளையும் பிடித்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"உன் அப்பா எப்போது இறந்தார்?" என்று கேட்டார்.

இந்த ஊரில் ஒருவருக்காகப் பின்னுகிற துணியைத் தூக்கி எறிவது என்றால், அவர் இனி இல்லை என்றுதான் அர்த்தமாம். காலையில் பையைத் தொட்டியில் பார்த்ததிலிருந்து பெரித் எனக்காகத் தன் வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். நான் பதறிப்போய், அவருக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறார், அவர் இங்கே வரப்போவதில்லை, அவ்வளவுதான் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் பார்த்திராத என் அப்பாவுக்காக ஒரு பகல் முழுக்க துக்கம் காத்தவர் முன்னால் அழுவதற்கு எனக்கென்ன வெட்கம்? அவர் தோளிலேயே அழுதேன். பத்து வருஷமாக இவர்கள் சொல்கிற தக் தக் எல்லாம் வாய்ப்பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அன்றோடு அந்த நினைப்பு போயிற்று.

காபி போட்டுக் கொடுத்துவிட்டு, ஏன் எறிந்தேன் என்று எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். வெள்ளாமை, கிடை, அப்பா மூன்று தடவை சோறு வாங்கித் தின்றது எல்லாம் சொன்னேன். அப்பா செய்ததைத்தான் நானும் செய்தேன் என்றேன். பெரித் நிதானமாகக் கேட்டார். பையிலிருந்து அட்டை மாதிரி விறைத்த முதுகை எடுத்து மேஜையில் வைத்தார்.

"உன் அப்பாவின் பயிரை ஆடு தின்றது. இதை யார் தின்பார்கள்?"

அப்பா பயிரைக் கைவிட்டார், தூக்கி எறியவில்லை. அதற்கு வாய்களைத் தேடிச் சொல்லி அனுப்பியிருந்தார், குடிக்கத் தண்ணீரும் காட்டியிருந்தார். நான் அதில் பாதியைத்தான் கற்றிருந்தேன்.

நூலைப் பிரித்து வேறு ஏதாவது பின்னலாமா என்று கேட்டேன். மூன்று தடவை பிரித்ததில் நூல் களைத்துவிட்டது, இனி தாங்காது என்றார் பெரித். தம்பி தன் தோட்டத்தில் உருளைக்கிழங்கு போடும்போது அழுக்குக் கம்பளியை அடியில் பரப்புவாராம். அது ஈரத்தைப் பிடித்து வைத்து, மெல்ல மக்கி உரமாகும். பனி உருகட்டும், நம் கட்டடத் தோட்டத்திலும் போடுவோம் என்று கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினார். முதுகு துண்டானது. அரை முன்பக்கம் துண்டானது. தளர்ந்த கையும் போனது. ஒவ்வொரு வெட்டுக்கும் எனக்குச் சுருக்கென்று வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். வயிறுதான் பசித்தது. கடைசியாக அந்த இறுக்கமான கையை எடுத்தவர், குழாய் மாதிரி அது நின்றதைக் கண்டு சிரித்துவிட்டார். இதை மண்கூடத் தின்னாது, அப்பாவுக்கு அனுப்பிவை, நீ முயற்சி செய்தாய் என்பதற்கு அடையாளமாக இருக்கட்டும் என்றார். ஒற்றைக் கையைப் பார்சல் அனுப்பிய ஒரே மகள் நானாகத்தான் இருப்பேன்.

மாசியில் பார்சல் போய்ச் சேர்ந்தது. அப்பா உடனே கூப்பிட்டார். "தாயி, ஒரு கைதான் வந்துருக்கு. மத்ததெல்லாம் வழியில விழுந்து போச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். மூன்று வருஷம் பின்னியதும், வருவீர்கள் என்று கணக்குப் போட்டதும், எறிந்ததும் எல்லாம். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் மெதுவாகச் சொன்னார். "ஒன் மனசு வாடக் கூடாதுன்னுதான் வாரேன்னு சொன்னேன்த்தா. எனக்கு இந்தக் காட்டை விட்டு ஒரு நா இருக்க ஏலாது. நீ வா. எப்ப வந்தாலும் நான் இங்கனதான இருப்பேன்." இருபது வருஷத்தில் அப்பா என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். அதற்கு நன்றி சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. பிரித்துப் பேசுகிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று விழுங்கிக்கொண்டேன். மார்கழியில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். இந்த வாரேன் பொய் இல்லை, டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

சித்திரையில் சித்தப்பா மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். எங்கள் காட்டு வரப்பில் நிற்கும் வேப்பமரம். மேலே அண்ணாந்து பிடித்த படம். கிளையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் தொங்குகிறது. அதற்கு என் ஸ்வெட்டர் கையை மாட்டி, அடியைச் சணலால் கட்டியிருக்கிறார் அப்பா. சாக்கைச் சுற்றினால் ஒரு நாழியில் காய்ந்துவிடுமாம். இந்தக் கம்பளியைக் காலையில் ஒருதரம் நனைத்தால் மத்தியானம் தாண்டியும் ஈரம் நிற்கிறதாம். பிரிஜ்ஜுத் தண்ணி தோத்துச்சு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று எழுதியிருந்தாள். கிடைக்காரர்கள் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, இது எந்த ஆட்டு முடி என்று தடவிப் பார்க்கிறார்களாம். "எம் மக இருக்க ஊரு ஆடு" என்கிறாராம் அப்பா.

அந்தப் படத்தைப் பெரித்திடம் காட்டியபோது நாங்கள் தோட்டத்தில் இருந்தோம். தோண்டிய குழியில் சாம்பல் நிறக் கம்பளித் துண்டுகளைப் பரப்பி, மேலே முளைவிட்ட கிழங்குகளை வைத்துக்கொண்டிருந்தோம். தூறிக்கொண்டிருந்தது, இங்கே அதற்குப் பெயர் நல்ல நாள். பெரித் கையுறையைக் கழற்றி, போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கிக் கண்ணி கண்ணியாகப் பார்த்தார். குளிருக்காக வளர்ந்த தம்பி வீட்டு ஆட்டுக் கம்பளி வெயிலில் தண்ணீரைக் குளிர வைப்பதை அவரால் நம்ப முடியவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"ரொம்ப இறுக்கம்."

போனை வாங்கி நானும் பார்த்தேன். படத்தில் பாட்டிலுக்கு நேர் பின்னால் சித்திரை மாதத்து உச்சி வெயில். வேப்பிலைக்கு நடுவிலெல்லாம் வெளிச்சம் பொத்துக்கொண்டு வருகிறது. ஸ்வெட்டர் கையை மேலிருந்து கீழ்வரை தேடினேன். எங்கேயும் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. அம்மா இருந்திருந்தால் எடுத்திருப்பாள்.